மீனுக்கு 10 செகண்ட்தான் டைம்... உங்க கேமரா ரெடியா?

'ரீல்'ங்கிற வார்த்தைக்கு இன்னைக்கு நம்மகிட்ட மூணு அர்த்தம் இருக்கு. தூண்டில் கம்பில் நரம்பைச் சுற்றி வைக்கிற சக்கரம் ஒண்ணு. இன்ஸ்டாவில் நீங்கள் தள்ளிக்கொண்டே போகிற வீடியோ இன்னொண்ணு. மூணாவது நம்மூர் அர்த்தம்: 'சும்மா ரீல் விடாதே!' ஆற்றங்கரையில் பிடித்த மீனை ரெண்டு கையையும் நீட்டி கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடிக்கும் போட்டோக்களில் இந்த மூணும் ஒண்ணா வந்து சேர்ந்துடும். மொபைலின் வைடு லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது எதுவும் பெரிதாகத் தெரியும். அதனால் அரை கிலோ மீன் ஸ்க்ரீனில் ரெண்டு கிலோவாகிவிடும். லைக்ஸும் அப்படியே ஏறும்.

இதில் என்ன பிரச்னைன்னு கேட்கிறீங்களா? அந்த போட்டோ எடுத்து முடிக்கும்வரை மீன் மூச்சில்லாமல் இருக்கு. அதனால், 'மீனை போட்டோ எடுக்க எந்த கேமரா வாங்கலாம்?' என்ற கேள்விக்கு மெகாபிக்ஸலை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. செகண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

ஃப்ளை ஃபிஷ்ஷிங்னா என்ன பாஸ்?

சாதாரணத் தூண்டிலில் முனையில் இருக்கும் இரையின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷ்ஷிங்கில் இது அப்படியே தலைகீழ். பறவை இறகு, விலங்கு முடி, நூல் எல்லாம் வைத்து முள்ளின் மேல் ஒரு குட்டிப் பூச்சி மாதிரி கட்டுவார்கள். அதுதான் 'ஃப்ளை'. அதற்கு எடையே கிடையாதுன்னு சொல்லலாம். எடை இருப்பது நரம்பில். கம்பை முன்னும் பின்னும் வீசும்போது அந்தக் கனமான நரம்பு காற்றில் சாட்டை மாதிரி வளைந்து பறந்து, பூச்சியை மெதுவாகத் தண்ணீரில் இறக்கும். பார்க்கவே அழகா இருக்கும். ரீல்ஸில் இது ஹிட் அடிக்க அதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் இது புதுசும் இல்லை. நீலகிரிக் குளிர் ஓடைகளில் ட்ரௌட் மீனை வளர்க்க 19-ம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர்கள் முயன்றார்கள். 1907-ல் ஊட்டி அருகே அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்த பிறகுதான் ரெயின்போ ட்ரௌட் இங்கே நிலைத்தது. இமாச்சலின் தீர்த்தன், காஷ்மீரின் லிட்டர் ஆறுகளில் இன்றும் ட்ரௌட்டுக்காகத் தூண்டிலோடு போகிறார்கள். ஆனால் ட்ரௌட் இங்கே வந்தேறி. நம்ம சொந்த ஹீரோ மஹ்சீர்!

சுவரில் இருந்து ஸ்க்ரீனுக்கு

கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த மஹ்சீரில், முதுகில் திமில் மாதிரி மேடு உள்ள பெரிய இனம் உலகத்திலேயே காவிரிப் படுகையில் மட்டும்தான் இருக்கு. 1946-ல் கபினி ஆற்றில் பிடிபட்ட ஒன்றின் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. பிடித்தவர் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்தவர். விலங்குகளைப் பாடம் பண்ணி வைப்பதில் பேர் பெற்ற குடும்பம் அது. அந்தக் காலத்தில் 'நான் பிடிச்சேன்' என்பதற்கு அத்தாட்சி மீனேதான். ஒண்ணு சமையல்கட்டுக்குப் போகும், இல்லேன்னா சுவரில் தொங்கும்.

பிறகு 'பிடி, விடு' பழக்கம் வந்தது. கர்நாடகத்தில் பீமேஸ்வரி, கலிபோரே பகுதி முகாம்களில் மஹ்சீரைப் பிடித்து, எடை பார்த்து, குறித்துக்கொண்டு ஆற்றிலேயே விட்டார்கள். அப்போது மீன் இருந்த இடத்துக்கு போட்டோ வந்தது. ஒரு வகையில் மீனைச் சுவரிலிருந்து காப்பாற்றியதே கேமராதான்.

இதனால் அறிவியலுக்கும் லாபம் கிடைத்தது. கலிபோரேயில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதி வைத்த கணக்கில் 6,000-க்கும் மேற்பட்ட மீன்கள் பதிவாகியிருந்தன. அதை ஆராய்ந்தபோதுதான் அதிர்ச்சி. மொத்த மஹ்சீர் எண்ணிக்கை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும், திமில் மஹ்சீர் வேகமாகக் குறைந்திருந்தது. இனப்பெருக்கப் பண்ணைகளில் வளர்த்து விடப்பட்ட, வேறு ஊர் நீலத்துடுப்பு மஹ்சீர் அதன் இடத்தைப் பிடித்திருந்தது. 2018-ல்தான் திமில் மஹ்சீருக்கு 'டோர் ரெமாதேவி' என்ற அறிவியல் பெயரே உறுதியானது. அதே ஆண்டில் ஐ.யு.சி.என் சிவப்புப் பட்டியலில், 'அழிவுக்கு மிக அருகில்' என்ற கடைசிக் கட்டத்தில் அது சேர்க்கப்பட்டது. பேர் வைத்த கையோடு ஆபத்து முத்திரையும் விழுந்துவிட்டது.

இதற்கிடையே சட்டமும் மாறியது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ல் செய்த திருத்தம், 'விலங்கு' என்ற சொல்லுக்குள் மீனையும் கொண்டுவந்தது. அதனால் சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் போடுவதும் வேட்டை என்ற கணக்கில் வந்தது. காவிரி வனவிலங்கு சரணாலயத்தின் தூண்டில் முகாம்கள் நின்றுபோனதும் இதனால்தான். 'தூண்டில்காரர்கள் இருந்தவரை வெடி வைத்து மீன் பிடிப்பவர்கள் பயந்தார்கள், இப்போ காவலே இல்லை' என்பது ஒரு தரப்பின் வாதம். 'அழியப்போகும் மீனை விளையாட்டுக்காக முள்ளில் மாட்டுவதே தப்பு' என்பது இன்னொரு தரப்பு. ஸ்விட்சர்லாந்து இரண்டாவது தரப்பின் பக்கம் நிற்கிறது. திருப்பி விடும் நோக்கத்தோடு மீன் பிடிக்க அங்கே சட்டப்படி அனுமதி இல்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன ஆகுது?

முள்ளில் மாட்டிய மீன் உயிரைக் கொடுத்து இழுக்கும். நீங்கள் நாலு மாடி ஓடி ஏறின மாதிரி, அதன் தசையில் லாக்டிக் அமிலம் சேரும். அப்போதுதான் அதற்கு ஆக்ஸிஜன் ரொம்பத் தேவை. சரியாக அந்த நேரத்தில் நாம் வெளியே தூக்குகிறோம். செவுளின் மெல்லிய இழைகள் தண்ணீரில்தான் விரிந்து நிற்கும். காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுவாசம் நின்றுவிடும்.

1992-ல் கனடாவில் ரெயின்போ ட்ரௌட்டை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. களைத்துப்போகும்வரை விரட்டப்பட்ட மீன்களில், காற்றில் தூக்காமல் விட்டவற்றில் 88 சதவிகிதம் பிழைத்தன. 30 செகண்ட் வெளியே வைத்தவற்றில் 62 சதவிகிதம். ஒரு நிமிடம் வைத்தவற்றில் வெறும் 28 சதவிகிதம்!

இதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அது ஆய்வகம். மீன்களை ரொம்பவே களைக்க வைத்திருந்தார்கள். பின்னாளில் அமெரிக்காவின் ஐடஹோவில், ஆற்றிலேயே நடந்த கள ஆய்வில் ஒரு நிமிடம் வரை வெளியே இருந்த ட்ரௌட்டும் பெரிய வித்தியாசமில்லாமல் பிழைத்தது. ஆக, செகண்ட் மட்டுமே மீனைக் கொல்வதில்லை. எவ்வளவு நேரம் இழுத்தீர்கள், தண்ணீர் எவ்வளவு சூடு, எப்படிக் கையாண்டீர்கள் எல்லாம் சேர்ந்துதான் கணக்கு. தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்ஸிஜன் குறையும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கோடையில் ஆறு சூடேறினால், மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடுகிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில், திருப்பி விட்டாக வேண்டிய காட்டு சால்மனைத் தண்ணீரைவிட்டு முழுசாக வெளியே தூக்குவதே சட்டவிரோதம்.

நம்ம ஊரில் இந்த நிலைமைகளை நாம் அளந்து பார்ப்பதில்லை. அப்போ பாதுகாப்பான பக்கம் நிற்பதுதான் புத்திசாலித்தனம். இந்தத் துறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த விஞ்ஞானிகள் சொல்வது 10 செகண்ட். உங்க போட்டோவுக்கு அதுதான் பட்ஜெட்.

10 செகண்ட் பட்ஜெட்டுக்கு எந்த கேமரா?

உங்க மொபைல்: ஐ.பி.68 தரம் உள்ள போன் இருந்தால் முதலில் புதுசு எதுவும் வாங்காதீங்க. பாக்கெட்டில் இருந்து எடுத்தவுடன் ரெடி, அதுதான் இதன் பெரிய பலம். ஆனால் ஐ.பி.68 என்பது ஆய்வகத்தில், அசையாத நல்ல தண்ணீரில் பார்த்த டெஸ்ட். ஒருமுறை கீழே விழுந்த போனுக்கோ, டிஸ்ப்ளே மாற்றிய போனுக்கோ அந்த உத்தரவாதம் அப்படியே பொருந்தாது. தண்ணீர் போய்க் கெட்டால் பெரும்பாலான கம்பெனிகளின் சாதாரண வாரன்டியும் கைகொடுக்காது. ஈரக்கையில் டச் ஸ்க்ரீன் வேலை செய்யாமல் படுத்தும். அதனால் வால்யூம் பட்டனில் போட்டோ எடுக்கப் பழகுங்க.

ஆக்‌ஷன் கேமரா: கோப்ரோ போன்றவை தனி உறை இல்லாமலேயே 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும். மார்பிலோ தொப்பியிலோ மாட்டிவிட்டால் ரெண்டு கையும் மீனுக்குக் கிடைக்கும். தனியாகப் போகிறவர்களுக்கு இதுதான் பெஸ்ட். குறை என்னன்னா, லென்ஸ் ரொம்ப வைடு. ஓரடி தூரத்துக்குள் மீன் இல்லேன்னா குட்டியாகத் தெரியும்.

தண்ணீருக்கென்றே செய்த காம்பாக்ட்: 2023-ல் வந்த ஓ.எம் சிஸ்டம் டி.ஜி-7 ஒரு உதாரணம். 15 மீட்டர் வரை தாங்கும். ஒரு சென்டிமீட்டர் நெருக்கத்தில்கூட ஃபோகஸ் ஆகும். செதில், கண், துடுப்பின் நிறம் எல்லாம் அள்ளலாம். சென்சார் சின்னது என்பதால் மங்கலான வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாக வரும். பட்டன்கள் இருப்பதால் ஈரக்கை பிரச்னை இல்லை.

மிரர்லெஸ்: படத்தின் தரத்தில் இதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனால் 'வெதர் சீல்டு' என்றால் சாரல் தாங்கும், அவ்வளவுதான். ஆற்றில் விழுந்தால் போச்சு. பையைத் திறந்து, மூடியைக் கழற்றி, ஆன் பண்ணுவதற்குள் உங்க 10 செகண்ட் முடிஞ்சிடும். கரையில் நண்பர் ஒருவர் கழுத்தில் மாட்டி ரெடியாக நின்றால் மட்டும் எடுத்துட்டுப் போங்க. நரம்பு காற்றில் வளையும் காட்சியை 1/1000 ஷட்டர் ஸ்பீடில் பிடிக்க இதுதான் சரி. அந்த ஷாட்டுக்கு மீனே தேவையில்லை என்பது கூடுதல் போனஸ்.

எந்த கேமராவாக இருந்தாலும் ஒரு போலரைசர் ஃபில்டர் உதவும். தண்ணீரின் மேல் மினுக்கும் வெளிச்சத்தை அது வெட்டிவிடும். மேற்பரப்போடு சுமார் 37 டிகிரி சாய்வில் பார்த்தால் பலன் அதிகம். மீனை வெளியே எடுக்காமலேயே, நீருக்குள் இருக்கும்படியே படம் கிடைக்கும். மொபைலுக்கும் க்ளிப் மாடலில் கிடைக்குது.

எடுக்கிற முறை

முதலில் கேமரா, அப்புறம்தான் மீன். செட்டிங், வெளிச்சம், நிற்கும் இடம் எல்லாம் முடிவாகும்வரை மீன் வலைக்குள், தண்ணீரிலேயே இருக்கட்டும். முடிச்சுப் போட்ட நைலான் வலையைவிட ரப்பர் வலை நல்லது. கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை, மீனின் மேல் இருக்கும் வழுவழுப்பைத் துடைத்துவிடும். நோய்க்கிருமியிடமிருந்து மீனைக் காப்பது அந்த வழுவழுப்புதான். முள்ளில் எதிர்முனை இல்லாமல் இருந்தால் ஒரு திருகில் கழன்றுவிடும்.

பிறகு நண்பர் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' எண்ணட்டும். மூணில் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே மட்டும் தூக்குங்க. பர்ஸ்ட் மோடில் ஓடவிட்டு உடனே இறக்குங்க. தவறி நழுவினாலும் தண்ணீரில்தான் விழணும், பாறையில் இல்லை. செவுளுக்குள் விரல் கூடவே கூடாது. படம் மங்கலாக வந்துவிட்டால் ரீடேக் கேட்காதீங்க. அந்த பயம் இருந்தால் 4கே வீடியோவாக எடுங்க. அதன் ஒவ்வொரு ஃப்ரேமும் சுமார் 8 மெகாபிக்ஸல். இன்ஸ்டாவுக்கு அது தாராளம்.

போஸ்ட் போடும் முன்...

லொகேஷனை ஆஃப் பண்ணுங்க. அரிய மீன் எந்த மடுவில் இருக்குன்னு தெரிந்தால் கேமரா இல்லாதவர்களும் அங்கே வருவார்கள். சரணாலயம், தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டில் போடுவது குற்றம். உங்க ரீலே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். மற்ற இடங்களிலும் மீன்வளத் துறையிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்க.

கடைசியா, காசு கொடுக்கும் முன் வீட்டில் ஒரு டெஸ்ட். ஒரு பக்கெட் தண்ணீரில் பாட்டில் ஒன்றைப் போடுங்க. கையை நனைச்சுக்கோங்க. ஸ்டாப் வாட்ச்சை ஓடவிட்டு, உங்க கேமராவை எடுத்து, பாட்டிலைத் தூக்கி, ஷார்ப்பா ஒரு படம் எடுத்து, திரும்ப இறக்குங்க. 10 செகண்டுக்குள் முடியலைன்னா, எவ்வளவு விலையாக இருந்தாலும் அந்த கேமரா ஆற்றுக்கு வேண்டாம். உங்க நண்பரின் பழைய போன் அதை முடித்துவிட்டால், அதையே இரவல் வாங்கிட்டுப் போங்க!