வருந்துகிறோம்... வருந்துகிறோம்!

பத்திரிகைக்குக் கதை அனுப்பிப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் காலத்தில் சுயவிலாசமிட்டு, ஸ்டாம்ப் ஒட்டிய கவரையும் உள்ளே வைக்க வேண்டும். தூக்குக் கயிற்றை நாமே வாங்கிக் கொடுக்கிற ஏற்பாடு! கவர் கனமாக வந்தால் கதை பத்திரமாக வீடு திரும்பிவிட்டது என்று அர்த்தம். "வேலை ஆர்டரா தம்பி?" என்று போஸ்ட்மேன் கேட்பார் பாருங்கள், அதுதான் வலி. இப்போது ஈ-மெயில். 'வருந்துகிறோம்' என்று சொல்லக்கூட நாதியில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்து நண்பர் ஒருவர். ஜெயங்கொண்டத்தில் ஆபீஸ், ராத்திரியில் ராஜேந்திர சோழன். நாவலை நாலு பதிப்பகம் திருப்பிவிட்டது. "விட்டுடலாம்னு இருக்கேண்ணே" என்றார், கோவில் புல்வெளியில் உட்கார்ந்து.

"1836-ல கொள்ளிடத்துல கீழணை கட்ட இந்தக் கோவில் மதில் கல்லையே பேத்துட்டுப் போனாங்க. ராஜேந்திரனுக்கே அந்தக் கதி. உங்க அத்தியாயம் எம்மாத்திரம் தம்பி?" என்றேன். மனுஷர் சிரிக்கவில்லை.

ஆர்.கே. நாராயணைச் சொன்னேன். முதல் நாவலைப் பதிப்பகங்கள் வரிசையாகத் திருப்பியதும், ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார்: கையெழுத்துப் பிரதியில் கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடு! நல்லவேளை, நண்பர் சொன்ன பேச்சு கேட்காதவர். கிரஹாம் கிரீனிடம் காட்டினார். 1935-ல் 'ஸ்வாமி அண்டு ஃபிரெண்ட்ஸ்' லண்டனில் புத்தகமாக வந்தது. இல்லாவிட்டால் மால்குடி மீனுக்குத்தான்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அஞ்சாவதாக ஒரு பதிப்பகம் ஒரே நாளில் 'ஏற்றுக்கொண்டோம்' என்று சொல்லிவிட்டதாம். ஒரு சின்ன நிபந்தனை. முப்பதாயிரம் கட்டணும், முந்நூறு காப்பியை இவரே வாங்கிக்கணும். சம்சாரத்தின் வளையல் வரை யோசனை போயிருக்கிறது!

"செல்லப்பா சொந்தக் காசு போடலையா?" என்று மடக்கினார். போட்டார். 1959-ல் 'எழுத்து' பத்திரிகை ஆரம்பித்தார். புத்தக மூட்டையைச் சுமந்து காலேஜ் காலேஜாக விற்றார். 'சுதந்திர தாக'த்தைத் தானே வெளியிட்டபோது அவருக்கு எண்பது வயசுக்கு மேல். சாகித்ய அகாதமி விருது 2001-ல் வந்தது, ஆள் போன பிறகு. ஆனால் பிரஸ், பேப்பர், கணக்கு எல்லாம் அவர் கையில் இருந்தது. யாரோ ஒருத்தரிடம் வளையலைக் கொடுத்துவிட்டு ரசீதுக்கு அலையவில்லை.

வளையல் தப்பித்தது. நாவலை நான் வாங்கிப் படித்தேன். நன்றாகவே இருக்கிறது. யானைப்படை மட்டும் 40 பக்கம் நடக்கிறது. பாதியாக்கச் சொன்னேன்.

"கங்கை வரைக்கும் போற படைண்ணே, 40 பக்கம்கூட நடக்க வேணாமா?" என்கிறார்.