ரொட்டிக்கு வரி, துப்பாக்கிக்கு வரி விடுமுறை

அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் மிசிசிப்பி என்று ஒரு மாநிலம். அங்கே ஒரு தாய் கடைக்குப் போய் பால், ரொட்டி, முட்டை வாங்கினால் விற்பனை வரி கட்ட வேண்டும். பல ஆண்டுகளாக 100 டாலர் மளிகைக்கு 7 டாலர் வரி. 2025 ஜூலையில்தான் பெரிய மனது பண்ணி 5 டாலராகக் குறைத்தார்கள்.

அதே மாநிலத்தில் 2014 முதல் வருடத்துக்கு ஒரு முறை துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரி விடுமுறை விடுகிறார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள். அந்த விடுமுறைக்கு அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் வரியில்லாமல் தோட்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். என்ன ஒரு ஏற்பாடு!

நியாயமாகப் பேச வேண்டும் அல்லவா? பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் துணிமணிக்கும் அங்கே ஒரு வரி விடுமுறை உண்டு. அரசின் உணவு உதவி அட்டையில் மளிகை வாங்கினால் வரி கிடையாது; ஆனால் அது வாஷிங்டன் போட்ட விதி, மிசிசிப்பியின் கருணை அல்ல. அந்த அட்டை கிடைக்கும் அளவுக்கு ஏழையாகவும் இல்லாமல், கவலையின்றி வாழும் அளவுக்குப் பணமும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்ட உழைப்பாளிக்குத்தான் இந்த 5 டாலர் வலிக்கும்.

இதே மிசிசிப்பி நாட்டின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வறுமையில் இருக்கிறார். மதப்பற்றைக் கணக்கெடுத்தால் எப்போதும் முதல் வரிசை. 2020இல் கொடியை மாற்றியபோது, அடிமை முறைக்காகப் போரிட்ட தெற்கத்திய படையின் சின்னத்தை எடுத்துவிட்டு, கடவுளை நம்புகிறோம் என்ற வாசகத்தை அதில் சேர்த்தார்கள். துப்பாக்கிச் சாவிலும் முதலிடம்தான். 2021இல் லட்சம் பேருக்குச் சுமார் 34 பேர் துப்பாக்கியால் செத்தார்கள். துப்பாக்கிச் சட்டம் கடுமையாக இருக்கும் மாசசூசெட்ஸில் அதே ஆண்டு லட்சத்துக்குச் சுமார் 3 பேர்.

வறுமை, பக்தி, துப்பாக்கி மூன்றும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. ஏன்?

படித்தவர்கள் வழக்கமாக ஒரு விளக்கம் சொல்வார்கள். 2008 ஏப்ரலில், ஜனாதிபதி வேட்பாளராவதற்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த பராக் ஒபாமா, சான் பிரான்சிஸ்கோவில் நிதி கொடுப்பவர்கள் மத்தியில் அதைச் சொல்லி மாட்டிக்கொண்டார். தொழிற்சாலைகள் மூடிப்போன சின்ன ஊர்களில் ஜனங்கள் கசந்துபோய் துப்பாக்கியையும் மதத்தையும் பிடித்துத் தொங்குகிறார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். எதிராளிகள் பிடித்துக்கொண்டு கிழித்தார்கள்.

ஒபாமா சொன்னது பாதி உண்மை. தொங்குகிறார்கள், சரி. அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் அந்த இரண்டை மட்டும் தொங்கவிட்டது யார்? ஆஸ்பத்திரியையும் நல்ல பள்ளிக்கூடத்தையும் நியாயமான கூலியையும் எட்டாத உயரத்தில் வைத்தது யார்? அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. நிதி கொடுக்க வந்த கூட்டத்தில் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலை ஆனார்கள். அந்த வருடமே மிசிசிப்பி சட்டசபை கறுப்பர்களுக்கென்று தனிச் சட்டங்கள் போட்டது. அதில் ஒரு பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் கறுப்பர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது. அடுத்த பிரிவு, முறையாக அமைந்த ஒரு சர்ச்சின் லைசென்ஸ் இல்லாமல் அவர் மதபோதகம் செய்தால் தண்டனை என்றது.

கவனியுங்கள். துப்பாக்கியும் பிரசங்கமும் ஒரே சட்டத்தில், அடுத்தடுத்து! 1791இல் வந்த முதல் திருத்தம் மத உரிமையைத் தருகிறது, இரண்டாவது திருத்தம் ஆயுத உரிமையைத் தருகிறது என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்களே, அந்த இரண்டையும் கறுப்பரிடமிருந்து ஒரே மூச்சில் பிடுங்கப் பார்த்தது இந்தச் சட்டம். துப்பாக்கி ஆபத்தானது என்பதற்காகவோ, பிரசங்கம் தவறு என்பதற்காகவோ அல்ல. யார் கையில் துப்பாக்கி, யார் வாயில் பிரசங்கம் என்பதுதான் பிரச்சினை. வெள்ளையர் செய்தால் உரிமை, கறுப்பர் செய்தால் குற்றம்.

நூறு வருடம் கழித்தாவது மாறியதா? 1964 ஜூன் மாதம் நெஷோபா மாவட்டத்தில் மவுண்ட் சயன் என்ற கறுப்பர்களின் சர்ச் எரிக்கப்பட்டது. சாம்பலைப் பார்க்கப் போன மூன்று உரிமைப் போராளிகளை, வேகமாகக் கார் ஓட்டினார்கள் என்று துணை ஷெரீஃப் பிடித்து அடைத்தார். இரவில் வெளியே விட்டார். அதற்குப் பிறகு மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சதியில் துணை ஷெரீஃபுக்கே பங்கு இருந்தது என்று பின்னால் தீர்ப்பானது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

அந்தச் சதியை முன்னின்று நடத்தியவர் எட்கர் ரே கில்லன். அவர் ஒரு பாப்டிஸ்ட் போதகர்! 1967 வழக்கில் பன்னிரண்டு ஜூரிகளில் பதினொரு பேர் அவரைக் குற்றவாளி என்றார்கள். ஒரே ஒரு ஜூரி மட்டும், பிரசங்கம் செய்பவரைத் தன்னால் தண்டிக்க முடியாது என்று மறுத்தார். கில்லன் வீட்டுக்குப் போனார். 2005இல்தான், 41 வருடம் கழித்து, அவருக்குத் தண்டனை கிடைத்தது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். இங்கே படித்தது பைபிள். எரிந்தது கர்த்தரின் ஆலயம்.

மிசிசிப்பி மட்டும்தான் இப்படியா? இல்லை. 1967இல் கலிபோர்னியாவில் பிளாக் பாந்தர் கட்சியின் கறுப்பு இளைஞர்கள், அன்றைய சட்டத்துக்கு உட்பட்டே, துப்பாக்கியோடு தெருவில் நின்று போலீசைக் கண்காணித்தார்கள். உடனே, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடை செய்யும் முல்ஃபோர்ட் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்ட கவர்னர் ரொனால்ட் ரீகன். ஆதரித்தது தேசிய ரைபிள் சங்கம். 2016இல் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பர், முறையான லைசென்ஸ் வைத்திருந்தவர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைப் போலீஸ்காரரிடம் தானாகவே சொன்னார். சில வினாடிகளில் சுடப்பட்டுச் செத்தார். காரில் ஒரு நான்கு வயதுக் குழந்தையும் இருந்தது. சுட்டவர் 2017இல் விடுதலை. எதற்கெடுத்தாலும் வாஷிங்டனை ஆட்டிவைக்கும் ரைபிள் சங்கம் காஸ்டிலுக்காகக் களத்தில் குதிக்கவில்லை. காகிதத்தில் உரிமை ஒன்றுதான். கையில் எடுக்கும்போதுதான் தோலின் நிறம் பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் துப்பாக்கிக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். வலுவான கேள்விதான். 'பார்த்தாயா, கறுப்பர்களிடம் துப்பாக்கி இருந்திருந்தால் தப்பித்திருப்பார்களே! பலவீனமானவனுக்குத்தானே ஆயுதம் வேண்டும்?'

உண்மை. இருந்த இடங்களில் உதவியும் இருக்கிறது. 1965இல் மிசிசிப்பியின் நாட்செஸ் நகரில் உரிமை இயக்கத் தலைவர் ஒருவரின் காரில் குண்டு வைத்தார்கள். அதன்பின் கறுப்பர்கள் காவல் படை அமைத்து ஆயுதத்தோடு காவல் நின்றார்கள். அந்தக் காவலின் துணையோடு வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தார்கள். டிசம்பரில் நகராட்சி இறங்கி வந்தது. ஆனால் அந்த மக்கள் கேட்டது என்ன? வேலை கேட்டார்கள். போலீசில் கறுப்பர்களைச் சேர்க்கக் கேட்டார்கள். தங்களை மரியாதையாக விளித்துப் பேசச் சொன்னார்கள். துப்பாக்கி அங்கே வாசலில் நின்ற காவலாளி. கோரிக்கைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. இன்று மிசிசிப்பி அரசியல்வாதிகள் அந்தக் கோரிக்கைப் பட்டியலைக் கிழித்துப்போட்டுவிட்டு, காவலாளியை மட்டும் வரியில்லாமல் விற்கிறார்கள்.

அந்தக் காவலாளியும் எப்போதும் காப்பாற்றுவதில்லை. உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் ஆபத்தை உணர்ந்து துப்பாக்கி வைத்திருந்தவர்தான். 1963இல் ஜாக்சன் நகரில், தன் வீட்டு வாசலில், மறைந்திருந்தவன் முதுகில் சுட்டதில் செத்தார். கொலைகாரனுக்குத் தண்டனை கிடைக்க 1994 ஆனது. ஒருவனுக்குத் துப்பாக்கி வேண்டியிருக்கிறது என்றால் நீதிமன்றமும் போலீசும் அவனைக் கைவிட்டுவிட்டன என்று பொருள். அந்தக் கைவிடலைச் சரி செய்யாமல் கடைக்குப் போய் வாங்கிக்கொள் என்று சொல்வது எப்படி உரிமையாகும்?

வெள்ளைக்கார ஏழைக்காவது இதில் லாபம் உண்டா? அதுவும் இல்லை. 2021இல் அமெரிக்காவில் 48,830 பேர் துப்பாக்கியால் செத்தார்கள். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. வயோமிங், மொன்டானா போன்ற இடங்களில், வேலையும் துணையும் மருத்துவமும் தூரமாகிப்போன வெள்ளைக்கார ஆண்கள், திருடனைச் சுட வாங்கிய துப்பாக்கியால் தங்களையே சுட்டுக்கொள்கிறார்கள். கறுப்பர்கள் கொலையில் சாகிறார்கள், வெள்ளைக்கார கிராமத்தார் தற்கொலையில் சாகிறார்கள். கடைக்காரனுக்கு இரண்டும் ஒரே விற்பனைதான்.

இப்போது மதத்துக்கு வருவோம். பக்தியைக் கேலி செய்வது சுலபம். ஆனால் 2015 ஜூன் 17 அன்று தெற்கு கரோலினாவின் சார்ல்ஸ்டனில் நடந்ததைப் படித்தவர்களுக்குக் கேலி வராது. இமானுவேல் சர்ச்சில் கறுப்பர்கள் பைபிள் படித்துக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்கார இளைஞன் வந்தான். உட்கார வைத்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடவே இருந்துவிட்டு, ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். இரண்டே நாளில், செத்தவர்களின் உறவினர்கள் சிலர் அவனை மன்னிப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார்கள். பக்தி என்றால் அது. அது அவர்களிடம் எல்லாவற்றையும் கேட்டது, அவர்களும் கொடுத்தார்கள்.

அரசியல்வாதியின் பக்தி அவனிடம் என்ன கேட்கிறது? ஒன்றுமில்லை. ஒவ்வொரு படுகொலைக்குப் பிறகும் 'பிரார்த்திக்கிறோம்' என்கிறார்கள். அந்தக் கொலைகாரன் துப்பாக்கி வாங்கியபோது பின்னணி விசாரணை மூன்று வேலை நாளில் முடியவில்லை. முடியாவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம் என்பது சட்டம். விற்றார். அவனுக்கு அந்தத் துப்பாக்கி கிடைத்திருக்கவே கூடாது என்று எஃப்.பி.ஐ. பின்னால் ஒப்புக்கொண்டது. அந்த ஓட்டையை அடைக்கும் மசோதா 2019லும் 2021லும் கீழ்ச்சபையில் நிறைவேறி, செனட்டில் படுத்துவிட்டது. 2022இல் வந்த சட்டம் விசாரணைக்குக் கூடுதல் நாள் கொடுத்தது, ஆனால் வாங்குபவர் 21 வயதுக்குக் கீழே இருந்தால் மட்டும். சார்ல்ஸ்டன் கொலைகாரனுக்குத் துப்பாக்கி வாங்கும்போது வயது 21. ஆக, அவன் நுழைந்த ஓட்டை அப்படியே இருக்கிறது.

அந்தப் படுகொலைக்கு அடுத்த ஆண்டு, 2016இல், மிசிசிப்பி என்ன செய்தது தெரியுமா? சர்ச் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. சபையார் துப்பாக்கியோடு சர்ச்சைக் காவல் காக்கலாம். கூடவே, லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கியை உறையில் மறைத்து எடுத்துப் போகலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். கவர்னர் கையெழுத்திட்ட மேசையில் ஒரு பைபிளும் உறையில் ஒரு கைத்துப்பாக்கியும் இருந்தன. 1865இல் கறுப்பரிடமிருந்து சேர்த்துப் பிடுங்கப் பார்த்த இரண்டையும் 2016இல் எல்லோர் கையிலும் சேர்த்துத் திணிக்கிறார்கள். முன்னேற்றம் போலத் தெரியும். ஆனால் அன்றும் சரி, இன்றும் சரி, அந்த மேசையில் வைக்கப்படாதது ஒன்று உண்டு. ஏழையின் பங்கு.

ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்க 2014 முதல் வாஷிங்டன் பணம் தருகிறது. செலவில் 90 சதவீதம் வரை மத்திய அரசே ஏற்கும். மிசிசிப்பி அந்தத் திட்டத்தை வேண்டாம் என்று மறுத்துவருகிறது. 2024இல் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 9.7 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2025 ஆகஸ்டில் மாநில சுகாதாரத் துறையே இதை அவசரநிலை என்று அறிவித்தது. கருவில் இருக்கும் சிசுவுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடும் பக்தி, பிறந்த சிசுவுக்கு ஒரு டாக்டரைக் கொடுக்கத் தயங்குகிறது.

யாரும் சர்ச்சை மூடச் சொல்லவில்லை. மான் வேட்டைக்காரனின் துப்பாக்கியைப் பிடுங்கவும் சொல்லவில்லை. விசாரணை முடிந்த பிறகு துப்பாக்கியை விற்கட்டும். தருகிற காப்பீட்டுப் பணத்தை வாங்கட்டும். தோட்டாவுக்குக் கொடுக்கும் மூன்று நாள் விடுமுறையை ரொட்டிக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாளும் கொடுக்கட்டும். இதற்குத் தத்துவமோ புரட்சியோ தேவையில்லை. ஒரு சட்டசபைக் கூட்டம் போதும்.

அன்றன்றைய உணவைத் தரும்படி ஆண்டவனைக் கேட்கும் ஜெபத்தை மிசிசிப்பியின் சர்ச்சுகளில் வாரம் தவறாமல் சொல்கிறார்கள். ஆண்டவன் மனமிரங்கிக் கொடுத்தாலும், அதில் 5 சதவீதத்தை ஜாக்சன் தலைமைச் செயலகம் பிடித்துக்கொள்ளும்.