வெளுக்க வேண்டியது பனியன் துணி, நாம் அல்ல!



பேக்கரி பன்னை உப்ப வைக்கும் ஈஸ்ட் நம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஈஸ்ட் தன்னைக் காத்துக்கொள்ளத் தயாரிக்கும் ஒரு பொருளைத்தான் இப்போது சோப்பு, கிரீம், மாத்திரை, ஊசி என்று ‘கலர் கூட’ விற்கிறார்கள். அதன் பெயர் குளுட்டாதயோன்.

ஆக்சிஜனைப் பயன்படுத்தும் செல்லுக்குள் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை. நிட்டிங் முடிந்து பழுப்பாக வரும் துணியை ப்ளீச்சிங்கில் வெள்ளையாக்குவது இதே பெராக்சைடுதான். வேலை முடிந்ததும் கேட்டலேஸ் என்ற நொதியைப் போட்டு அதை நீக்குவார்கள். இல்லாவிட்டால் சாயம் சரியாகப் பிடிக்காது. ஈஸ்டும் கேட்டலேஸையும் குளுட்டாதயோனையும் வைத்து, தன் செல்லுக்குள் பெராக்சைடு சேராமல் பார்த்துக்கொள்கிறது. இப்படிக் காக்கும் பொருளைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறோம்.

1921-ல் ஹாப்கின்ஸ் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி ஈஸ்டிலிருந்து இதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்தது இது. நம் உடம்பும், முக்கியமாகக் கல்லீரல், இதைத் தானே தயாரிக்கிறது! அப்புறம் எதுக்குக் காசு கொடுத்து வாங்கணும்?

மாத்திரையாக விழுங்கினால் பெரும்பகுதி வயிற்றிலும் குடலிலுமே உடைந்துவிடும். ஊசியோ ஆபத்து. கல்லீரல், சிறுநீரகம், நரம்பு பாதிக்கப்படலாம் என்று பிலிப்பைன்ஸ் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-ல் எச்சரித்தது.

நமக்கு நிறம் தரும் மெலனின் வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து தோலைக் காக்கிறது. ஒரு காவல்காரனை வைத்து இன்னொரு காவல்காரனை விரட்டுவது என்ன நியாயம்?

பனியன் கம்பெனியில் வாரம் முழுக்க நின்று வேலை பார்த்து, சனிக்கிழமை வாங்கும் சம்பளத்தில் இதை வாங்கும் அக்காக்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். “பொண்ணு கொஞ்சம் கறுப்பு” என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவர்களைத்தான் சொல்வேன். வகுப்பில் நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் வைப்பவர்களும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

தோழிகளே, குளுட்டாதயோன் தயாரிக்க உடம்புக்குப் புரதம் வேண்டும். சத்துணவு முட்டையை வேண்டாம் என்று ஒதுக்காதீங்க. பருப்பு, கடலை சாப்பிடுங்க. கிரீம் காசைச் சேர்த்து வைங்க.

துணியை வெளுக்கலாம். நம்மை வெளுக்கத் தேவையில்லை!

– 9-ஆம் வகுப்பு மாணவி, வீரபாண்டி