பாதையின் அகலமும் பயணத்தின் விலையும்

சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 மே மாதம் மின்சார ரயில் சேவை தொடங்கியது. ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதையில், இந்தியாவிலேயே முதன்முதலாக ஓடிய புறநகர் மின்சார ரயில் அது. 2004இல் அதன் கடைசி வண்டி விடைபெற்று, 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை முழுமையாக அவ்விடத்துக்கு வந்தது. தடம் இன்றும் சென்னையைச் சுமக்கிறது.

பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் இன்றைய நிலைக்கு வளர்ந்ததில் அந்தத் தடத்துக்குப் பெரும் பங்குண்டு. வாடகை குறைந்த இடத்தில் குடியிருந்து, நகரின் மையத்தில் வேலை செய்ய அது வழி தந்தது. அடிக்கடி வரும் வண்டியும், எளியவர் கைக்கு எட்டும் மாதச் சீட்டுமே அதன் பலம். பயணச் செலவு குறைந்தால் உழைப்பவருக்கு வேலைச் சந்தை விரிகிறது என்பது பொருளியலின் பாலபாடம்.

மேற்கே நிலைமை வேறு. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட பாதை ஆவடி, அம்பத்தூர் வழியாகச் செல்கிறது. பூந்தமல்லியும் எங்கள் நசரத்பேட்டையும் பேருந்தையே நம்பி வளர்ந்தவை. இப்போது கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி புறவழிச்சாலை வரையான 26.1 கி.மீ. மெட்ரோ தடத்தை, நசரத்பேட்டை வழியாகப் பரந்தூர் வரை நீட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டுள்ளது.

நான் இதை வரவேற்கிறேன். ஆயினும் ஒரு கவலை உண்டு. புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். மெட்ரோவில் 10 ரூபாய். தூரம் கூடக்கூட இந்த இடைவெளியும் கூடுகிறது. மெட்ரோ வருமென்ற பேச்சே மனை விலையை ஏற்றிவிடும், வாடகையும் பின்தொடரும். அப்போது, ரயில் யாருக்கு மிகவும் தேவையோ அவரே ஊரைவிட்டு வெளியேற நேரும். பொதுப்பணத்தில் விளைந்த ஆதாயம் நில உரிமையாளரிடம் தங்கிவிடும்.

இதற்கு வழி உண்டு. நிலையங்களைச் சுற்றி உயரும் நில மதிப்பில் ஒரு பகுதியை அரசு வரியாகத் திரட்டி, அதைக் கொண்டு மெட்ரோ, புறநகர் ரயில், மாநகரப் பேருந்து மூன்றுக்கும் பொதுவான, மலிவான மாதச் சீட்டை வழங்கலாம். எல்லாப் பயணச்சீட்டையும் ஒரே செயலியில் வாங்க முடிவது வசதிதான். ஆனால், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க அது உதவாது. தூண்கள் எழும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். மனை கைமாறிய பிறகு ஆதாயத்தில் பங்கு கேட்பது எந்த அரசுக்கும் எளிதல்ல.