கண்மாய்க்கரையில் ஒரு சீமைத் தூண்டில்

மதுரை திருநகரின் தென்கால் கண்மாயில் தூண்டில் போடுகிறவருக்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் தங்கூசி, ஒரு முள், ஒரு ஈயக்குண்டு, மயிலிறகுக் காம்பை நறுக்கிச் செய்த தக்கை. மண்புழுவைக் கரையிலேயே தோண்டிக்கொள்ளலாம். இந்த வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஃப்ளை ஃபிஷிங் பற்றிய வெளிநாட்டு இதழுக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா என்று ஒருவர் கேட்டால், திருநகர் டீக்கடையில் சிரிப்பார்கள். ஆனால் கேள்வி அப்படியொன்றும் கிறுக்குத்தனமானதல்ல. யூடியூபில் அந்த நீளமான கயிறு காற்றில் வளைந்து வளைந்து போவதைப் பார்த்தவர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும்.

அந்த வளைவில்தான் வித்தையே இருக்கிறது. நம் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை இரையை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி; அதற்கு எடையே இல்லை. அதனால் கயிற்றைக் கனமாகச் செய்து, கழியை முன்னும் பின்னும் வீசி, கயிற்றின் எடையாலேயே பூச்சியைக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்ப வேண்டும். அந்தப் பூச்சியைக் கையால் கட்டுவது தனிக் கலை. பிரிட்டனின் ‘ஃப்ளை ஃபிஷிங் அண்ட் ஃப்ளை டையிங்’ இதழ் இரண்டையும் பெயரிலேயே வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1969 முதல் வரும் ‘ஃப்ளை ஃபிஷர்மேன்’ பெரும்பாலும் மீன்பிடிப்புக்கானது. ‘ஃப்ளை டையர்’ என்ற காலாண்டிதழ் கட்டும் கலைக்கென்றே வருவது.

மீன்பிடிப்புப் பக்கங்களைப் பொறுத்தவரை மதுரைக்காரருக்குப் பெரிய பயன் இல்லை. வசந்தத்தில் எந்த ஓடையில் எந்தப் பூச்சி பொரிக்கும், இலையுதிர் காலத்தில் டிரவுட் மீன் எந்த ஆழத்தில் நிற்கும் என்று போகும் கட்டுரைகள் அவை. ஆண்டுதோறும் அதே பருவங்கள் வருவதால், நாலைந்து வருட இதழ்களை அடுக்கி வைத்துப் படித்தால் விஷயமும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும். வைகையில் தண்ணீர் வருவதே அணை திறப்பைப் பொறுத்த ஊருக்கு இந்த நாட்காட்டி எதற்கு?

தமிழ்நாட்டில் டிரவுட்டே இல்லையா என்றால், உண்டு. 1860களில் ஃபிரான்சிஸ் டே என்பவர் நீலகிரிக்கு அதைக் கொண்டுவர முயன்று தோற்றார். கடைசியில் எச்.சி. வில்சன் என்பவர் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் அந்த மீன் மலையில் நிலைத்தது. வெள்ளைக்காரர் காலத்தில் உரிமச்சீட்டு வாங்கிக்கொண்டு அங்குள்ள முக்குருத்தி ஓடைகளில் ஃப்ளை வீசினார்கள். இன்று முக்குருத்தி தேசியப் பூங்கா. நினைத்தபோது கழியோடு போய் நிற்க முடியாது.

நம் சமவெளிக்கென்று எழுதியவரும் ஒரு வெள்ளைக்காரர்தான். மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த எச்.எஸ். தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற புத்தகத்தை மங்களூரில் அச்சிட்டார். அதோடு விடாமல் 1887இல் ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்று ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனிப் புத்தகம் எழுதினார். அச்சுரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. முதல் புத்தகம் இணைய நூலகங்களில் காசில்லாமலே கிடைக்கிறது. சந்தா கட்டும் முன் இதைப் படிப்பது உத்தமம். நூற்றைம்பது ஆண்டுப் பழசானாலும் இதில் நம் வெயிலும் நம் மீனும் இருக்கின்றன.

ஆனால் பூச்சி கட்டும் பக்கங்களின் கதை வேறு. அங்கே வந்தால் திருநகர் திடீரென்று வசதியான ஊராகிவிடுகிறது.

1878இல் நியூயார்க்கில் ஜான் ஹெய்லி கட்டிய ‘ராயல் கோச்மேன்’ உலகப் புகழ் பெற்ற பூச்சி. அதன் உடம்பு மயில்தோகையின் இழை, நடுவில் ஒரு சிவப்புப் பட்டு. அதற்குப் பின் வந்த எத்தனையோ பூச்சிகளுக்கும் மயில் இழைதான் உடம்பு. அந்தப் பச்சைச் செம்பு மினுக்கத்துக்கு மாற்றாகச் செயற்கை இழை எதுவும் இன்னும் சரியாக அமையவில்லை என்பது கட்டுகிறவர்கள் பலருடைய கட்சி. திருப்பரங்குன்றத்தில் முருகன் வாகனத்தின் இறகுக்குப் பஞ்சமா? தானாக உதிர்ந்த தோகையை உள்நாட்டில் வைத்திருக்கவும் விற்கவும் சட்டம் இடம் தருகிறது. வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் தடை. அமெரிக்க இதழ் ‘கடையில் வாங்கவும்’ என்று எழுதும் பொருள், இங்கே சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது.

கட்டுவது இப்படி. முள்ளின் வளைவை ஒரு சின்ன இடுக்கியில் பிடிக்க வேண்டும். முள்ளின் கண்ணிலிருந்து வளைவு வரை நூலை நெருக்கமாகச் சுற்றி, அங்கே மூன்று மயில் இழைகளை நுனிப்பக்கமாகக் கட்ட வேண்டும். மயில் இழை சட்டென்று அறுந்துபோகும். அதனால் நூலோடு சேர்த்து முறுக்கி, பழுதையாக்கி, அதன் பிறகு கண்ணை நோக்கிச் சுற்றுவார்கள். கம்பளிப்பூச்சி போல ஒரு உடம்பு வந்துவிடும். கழுத்துப் பக்கம் ஒரு கோழியிறகை இரண்டு சுற்று, முடிச்சு, அதன் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். எழுதினால் ஆறு வரி. விரலுக்கு வருவதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பது விரலைப் பொறுத்தது. எந்தச் சுற்றில் நூலை இழுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று படம் படமாக நிறுத்திக் காட்டுவதில் நல்ல இதழுக்கு ஈடில்லை. காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் தொல்லை கிடையாது.

கோழியிறகிலும் ஒரு சங்கதி உண்டு. தண்ணீர் மேல் மிதக்கும் பூச்சிக்கு ஒடுங்கலான, நீளமான, விறைப்பான சேவல் இறகு வேண்டும். அதற்கென்றே அமெரிக்காவில் சேவல் வளர்க்கிறார்கள்; ஹென்றி ஹாஃப்மன் உருவாக்கிய இனத்தை 1989இல் கொலராடோவில் டாம் வைட்டிங் எடுத்து நடத்தினார். 2011இல் பெண்கள் கூந்தலில் அந்த இறகைச் செருகும் மோகம் கிளம்பி, தூண்டில்காரர்களுக்குக் கிடைக்காமல் விலை எகிறியது. நம் கறிக்கடையில் குப்பைக்குப் போகும் நாட்டுக்கோழி இறகு அந்த அளவு விறைக்காது. தண்ணீருக்குள் மூழ்கி அலையும் பூச்சிக்கு அந்த மென்மைதான் தோது.

ஒன்றை மட்டும் தொடக் கூடாது. ‘ஜாக் ஸ்காட்’ போன்ற பழைய சால்மன் பூச்சிகளில் கண் போலப் பளபளக்கும் இறகு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பறவையைக் காக்கிறது. பிரிட்டனில் வளர்ப்புப் பறவையின் இறகைப் பயன்படுத்துகிறார்கள். இதழின் விளம்பரப் பக்கத்தில் பார்த்துவிட்டு மலையடிவாரத்தில் விசாரிக்கக் கிளம்பினால் விவகாரம் வனத்துறையில் போய் முடியும். இந்த இறகுப் பைத்தியம் லேசுப்பட்டதல்ல. 2009இல் லண்டனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த எட்வின் ரிஸ்ட் என்ற மாணவர், பூச்சி கட்டும் இறகுக்காக டிரிங் என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினார்.

சரி, கட்டிய பூச்சியை எங்கே வீசுவது? கண்மாயில் விடுகிற கட்லா, ரோகுவிடம் இந்த வித்தை எளிதில் பலிக்காது. ஜிலேபிக்கெண்டை சின்னப் பூச்சியைக் கவ்வும். விராலுக்குத் தவளை கோர்ப்பது நம் வழக்கம்; தேய்ந்த ரப்பர் செருப்பை வெட்டி ஒரு பொய்த்தவளை செய்தால் அதற்கும் பாயும். வீசும் முன் மீன்பாசி ஏலம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆக, பூச்சி கட்டும் கலைக்கான இதழுக்கு, டிஜிட்டல் பிரதியாக, ஒரே ஒரு வருடம் சந்தா கட்டலாம். அதற்குள் அடிப்படை முடிச்சுகள் எல்லாம் வந்துவிடும். கடல் தாண்டி வரும் அச்சுப் பிரதிக்குத் தபால் செலவு கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல இடுக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.