குடியிருக்கும் வீடும் பூட்டியிருக்கும் வீடும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டையும் பார்த்து முடித்தவன் நான். ஆனால் குடியிருக்கும் வீட்டை, குடியிருந்துகொண்டே இடித்துத் திருத்திப் பார் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. கல்யாணமாகி 37 வருடம் கழித்து, 2022-ல் அதையும் நானும் என் மனைவியும் சேர்ந்து பார்த்தோம். அந்த அனுபவத்திலிருந்து நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு விஷயம் சொல்லத் தோன்றியது. சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவன். 1981-ல் ரயில்வேயில் ஐ.ஓ.டபிள்யூ. அப்ரென்டிஸாகச் சேர்ந்தேன். ஸ்டேஷன் கட்டிடம், நடைமேடை, ஊழியர் குவார்ட்டர்ஸ் எல்லாவற்றையும் கட்டுவதும் பராமரிப்பதும்தான் வேலை. 2019-ல் நாக்பூரில் ஓய்வு பெற்றேன். ரயில்வே காலனியில் வாழ்ந்தவர்களுக்கு எங்கள் ஆபீஸில் இருந்த புகார்ப் புத்தகம் தெரிந்திருக்கும். குழாய் ஒழுகுகிறது, கதவு சாத்தவில்லை, கூரை சொட்டுகிறது என்று எழுதிவிட்டுப் போவார்கள். 38 வருடத்தில் எத்தனை ஆயிரம் புகார்களுக்கு ஆள் அனுப்பியிருப்பேனோ, கணக்கில்லை.

ஒரு கொள்கை வைத்திருந்தேன். என் குவார்ட்டர்ஸ் வேலை கடைசியில்தான் நடக்கும். "ஐ.ஓ.டபிள்யூ. தன் வீட்டை முதலில் பார்த்துக்கொண்டார்" என்ற பேச்சு வரக்கூடாது. இதை என் நேர்மை என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அந்த நேர்மையில் பாதிச் செலவு என் மனைவி கணக்கில் போனது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

நம்மில் பலரைப் போலவே எனக்கும் இரண்டு வீடு. 2004-ல் கடன் வாங்கி, பேசா பக்கம் ஒரு லேஅவுட்டில் சிறிய தனி வீடு வாங்கினேன். அதை வாடகைக்கு விட்டேன். 2008-ல் விருத்தாசலம் பக்கம் எங்கள் கிராமத்தில் இன்னொரு வீடு கட்டினேன். தேக்கு நிலை, கிரானைட் தரை, மாடியில் இரண்டு அறை. கிருகப்பிரவேசத்துக்கு நூறு பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். "ரிட்டையர் ஆனதும் இங்கே வந்துவிடுவோம்" என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஓய்வு பெற்றதும் பேசா வீட்டுக்குக் குடி வந்தோம். மகன் புனேயில், மகள் பெங்களூரில். "இரண்டு வருடத்தில் ஊருக்குப் போகப் போகிறோம், இதற்கு எதற்குச் செலவு?" என்று வாடகைக்காரர் விட்டுச் சென்ற நிலையிலேயே வீட்டை வைத்திருந்தேன். குவார்ட்டர்ஸ் காலத்து இரும்புக் கட்டிலும், டிரங்குப் பெட்டிகளும், நைலான் கயிறு பின்னிய நாற்காலிகளும்தான் எங்கள் மரச்சாமான். அதில் மரம் எங்கே என்று கேட்காதீர்கள். 2020-ல் ஊரடங்கு வந்து, அந்த வீட்டின் எல்லாக் குறைகளோடும் எங்களை உள்ளே வைத்துப் பூட்டியது.

2021 மழைக்காலத்தில் ஒரு நாள் காலை என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஸ்டேஷன் யார்டில் 400-க்கு 1-க்கு மேல் சாய்வு கூடாது என்று மேலதிகாரிகளிடம் வாதாடியவன் நான். என் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் எதிர் மூலையில் தேங்கியதை இரண்டு வருடமாகத் தினமும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அந்த ஆறு வாரமும் சமையல் என் பொறுப்பு. மூன்றாம் நாள், "சமையலறை ஒன்றும் அவ்வளவு மோசமில்லையே, எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது" என்றேன். ஸ்டூலில் கட்டுக் கையோடு உட்கார்ந்திருந்தவள் சொன்னாள்: "இருக்காதா பின்னே? மேடை உங்க உயரத்துக்குக் கட்டியிருக்குங்க. நான் தோளைத் தூக்கிக்கிட்டுத்தான் காய் நறுக்கறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "எல்லார் வீட்டுக் குழாயையும் சரி பண்ணிக் குடுத்தீங்க. என் பேர்ல ஒரு கம்ப்ளெயிண்ட்டாவது எழுதிக்கிட்டீங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். பதில் வரவில்லை.

அன்று மாலை ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "சொல்லு, எழுதிக்கறேன்" என்று உட்கார்ந்தேன். மொத்தம் 43 குறைகள். அவற்றில் எனக்குத் தெரிந்திருந்தவை ஒன்பது.

கட்டுப் பிரித்துக் கை பழகியபின் 2022 ஜனவரியில் வேலையை ஆரம்பித்தோம். என் எஸ்டிமேட் நாலு லட்சம், 45 நாள். முடிந்தபோது ஆறு லட்சத்து முப்பத்தைந்தாயிரம், நாலு மாதம். அரசாங்க வேலைகளில் எஸ்டிமேட் ஏறினால் கேலி செய்கிறவர்கள் இதைக் கவனிக்கவும். பழைய சுவரை உடைத்துப் பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று பிரம்மாவுக்கும் தெரியாது. போட்ட கணக்குக்கு மேல் நாலில் ஒரு பங்காவது கையில் இல்லாமல் இறங்காதீர்கள். எனக்கு அதுவும் போதவில்லை.

தெரிந்துகொண்டவற்றில் பொதுவாக உதவக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் சுவர் வெடிப்பு. விதர்பாவின் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அதன்மேல் ரயில் பாதை போட்டவர்களுக்கு அதன் குணம் தெரியும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பை சிமென்ட் பூசி மறைத்தால் அடுத்த கோடையில் திரும்ப வரும். அஸ்திவாரத்தை ஒட்டித் தண்ணீர் இறங்காமல் இருக்க வேண்டும். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சாய்வாக கான்கிரீட் தளம் போட்டோம். கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் தள்ளி விட்டோம். அதன் பிறகே பூச்சு.

இரண்டாவது குளியலறை. 80-க்கு 1 சாய்வு, வடிகாலை நோக்கி. பளபளக்கும் டைல்ஸை எடுத்துவிட்டுச் சொரசொரப்பானது போட்டோம். சுவரில் இரண்டு இடத்தில் பிடிமானக் கம்பி. "நாம என்ன கிழவன் கிழவியா?" என்று கேட்டது நான்தான். இப்போது அதை அதிகம் பிடிப்பதும் நான்தான்.

மூன்றாவது மின்சாரம். மே மாதத்தில் நாக்பூர் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். கூலர் இல்லாமல் முடியாது. கூலரில் மின்சாரம் பாய்ந்து இறந்தவர்கள் செய்தி இங்கே கோடைதோறும் வருகிறது. தண்ணீர், இரும்புப் பெட்டி, ஈரத் தரை, சரியில்லாத எர்த். வேறென்ன வேண்டும்? எர்த்தைப் புதிதாகப் போட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தினோம். இதற்கான செலவு ஒரு நல்ல பட்டுப்புடவை விலைகூட இல்லை. இதை மட்டுமாவது உடனே செய்யுங்கள்.

நான்காவது, அவசரப்படாமை. சிமென்ட் தளம் போட்ட மறுநாளே டைல்ஸ் ஒட்ட வந்து நின்றார் ஒப்பந்தக்காரர். குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும் என்று நான் ஆபீஸ் ஹிந்தியில் சட்டம் பேசினேன். அவர் அசையவில்லை. என் மனைவி வந்து மராட்டியில் என்னவோ சொன்னாள். ஒரு வாரம் கழித்து வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். சட்டம் பேசாமல் காரியம் முடிப்பது எப்படி என்பதை 66 வயதிலும் நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். சிங்க்குக்குக் கீழே அலமாரிக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட் கேட்டதற்கு, கடையிலிருந்து வந்தது 303. சாதாரண உபயோகத்துக்கு அது சரி, தண்ணீர் புழங்கும் இடத்துக்குச் சரியில்லை. பலகையைப் புரட்டி முத்திரையைப் படித்ததும் அவள்தான்.

ஐந்தாவது சமையல் மேடை. முழங்கையை மடித்து நிற்கும்போது, முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. என் மனைவியை நிற்க வைத்து டேப் பிடித்தேன். தரையிலிருந்து முழங்கை 38 அங்குலம். 36 அங்குலம் இருந்த மேடையை உடைத்து 33-ஆக இறக்கினோம். மில்லிமீட்டரில் 838. கணக்குப் போட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. நமது ரயில்வேயில் உயர் நடைமேடைகளின் உயரம் தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் அந்த அளவைச் சரிபார்த்தவன், வீட்டிலிருந்த மேடையை அதுவரை ஒரு தடவைகூட அளந்ததில்லை.

மரச்சாமான் விஷயத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை. நான் ஷோரூமில் ஒரு சோஃபா செட் பார்த்து வைத்திருந்தேன். அவள், "அதுல மூணு பேரு உட்காரலாம். சனிக்கிழமை பஜனைக்கு எட்டுப் பேரு வராங்க, எல்லாரும் முட்டி வலிக்காரங்க" என்று மறுத்துவிட்டாள். கடைசியில் மகால் பகுதியில் இடித்த பழைய வீடுகளின் தேக்கு விற்கும் இடத்துக்குப் போனோம். நம் பக்கத்துச் சந்திரபூர், கட்சிரோலி காட்டுத் தேக்கு பெயர் பெற்றது. 2023-ல் அயோத்திக் கோயில் கதவுகளுக்கு இந்தப் பக்கத்துத் தேக்குதான் போயிற்று. நாங்கள் வாங்கியது பழைய உத்திரங்கள். அறுத்து இழைத்ததும் எண்ணெய் வாசனையோடு புதுசாகிவிட்டது. சுவரை ஒட்டி சாய்மானத்தோடு இரண்டு நீள பெஞ்ச், மெத்தையோடு சேர்த்து 18 அங்குல உயரத்தில் இரண்டு கட்டில். வெயிட்டிங் ரூம் மாதிரி இருக்கிறது என்றேன். "38 வருஷம் வெயிட்டிங் ரூம்லதானே இருந்தோம், இப்ப இதுதான் வீடு" என்றாள்.

நான் சொல்ல வந்தது இதுதான். நம்மில் பலர் வாழும் ஊரை வெயிட்டிங் ரூமாகவே நினைத்துக் காலத்தை ஓட்டிவிடுகிறோம். வண்டி வந்தால் ஏறிவிடலாம் என்று பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறோம். பணம் ஊர் வீட்டுக்குப் போகிறது. அங்கே கிரானைட், இங்கே ஒழுகும் குழாய். அங்கே யாரும் இல்லை, இங்கே நம் மனைவி இருக்கிறாள். என் டைரிகளைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தேன். 2008 முதல் 2022 வரை 14 வருடத்தில் ஊர் வீட்டில் நாங்கள் தங்கியது 163 நாள். வருடத்துக்குப் பன்னிரண்டு நாள்கூட இல்லை. அதற்குள் பின்பக்க நிலையைக் கரையான் தின்றுவிட்டது. அந்த வீட்டுக்காகத்தான் இந்த வீட்டின் 43 குறைகளும் காத்திருந்தன.

"ஊரில் ஒரு வீடு இல்லாவிட்டால் வேரே போய்விடுமே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெற்றோரைப் பராமரிக்கவோ, உண்மையாகவே திரும்பிப் போகவோ கட்டுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊருக்குக் கிளம்பும்போது எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கும். ஆனால் போகப்போவதில்லை என்று மனசுக்குத் தெரிந்த பிறகும், போவோம் போவோம் என்று சொல்லிக்கொண்டே இங்கே இருப்பவர்களை அசௌகரியத்தில் வைப்பது வேர்ப்பற்று ஆகாது. முடிவெடுக்கத் தைரியம் இல்லாததற்கு நாம் வைத்துக்கொண்ட பெயர் அது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஊர் வீட்டை நான் விற்கவில்லை. 2023-ல் அங்கே வேலைக்கு மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியர் குடும்பத்துக்குக் குறைந்த வாடகைக்கு விட்டேன். மாடியில் ஓர் அறை எங்களுக்கு. சென்ற பொங்கலுக்குப் போனபோது வாசலில் கோலம் இருந்தது. சாயங்காலம் விளக்கு எரிந்தது. எங்களுக்கும் சேர்த்துப் பொங்கல் வைத்திருந்தார்கள். பூட்டை எண்ணெய் போட்டுத் திறந்து, சிலந்திக் கூட்டைத் துடைத்து உட்கார்ந்த வருடங்களில் இல்லாத ஊர் உணர்வு அப்போது வந்தது.

சங்கத்துக்கு ஒரு யோசனை. நம் நூலக அறையில் ஒரு புகார்ப் புத்தகம் வைப்போம். வயதான உறுப்பினர்கள், முக்கியமாகப் பெண்கள், தங்கள் வீட்டுக் குறையை அதில் எழுதட்டும். சிவில், எலெக்ட்ரிகல் வேலை தெரிந்த ஓய்வு பெற்றவர்கள் நம்மிடம் குறைவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசமட்டமும் டெஸ்டரும் எடுத்துக்கொண்டு நாலு வீடு போய்ப் பார்த்து, என்ன செய்யலாம், எவ்வளவு ஆகும், எந்த மிஸ்திரி நம்பகமானவர் என்று சொல்லலாம். முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, "இந்த வீட்டில் உனக்கு என்னென்ன குறை?" என்று கேளுங்கள். இடையில் குறுக்கிட்டுச் சமாதானம் சொல்லாமல் எழுதிக்கொண்டே போங்கள். என் பட்டியல் 43-ல் நின்றது. உங்களுடையது எத்தனை என்று அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.