காலாவதியான வெப்சைட் பெயர்... காத்திருந்தால் கைக்கு வருமா? - 'பேக்ஆர்டர்' பாடங்கள்!

"அண்ணாச்சி, உங்க கடை வெப்சைட்டைத் திறந்தா வேற ஏதோ விளம்பரம் வருதே!"

வாடிக்கையாளர் யாராவது போன் போட்டு இப்படிச் சொல்லும்போதுதான், தங்கள் கடைக்கு இணையத்தில் ஒரு பெயர் இருந்ததே பல கடைக்காரர்களுக்கு ஞாபகத்துக்கு வரும். எந்த ஊர்க் கதையை எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பத்து வருடங்களுக்கு முன்பு, தெரிந்த பையன் ஒருவர் வெப்சைட் செய்து கொடுத்திருப்பார். டொமைன் பெயரைத் தன் ஈமெயில் முகவரியிலேயே பதிவு செய்திருப்பார். வருடா வருடம் அவரே பணம் கட்டிவிட்டு, கடையில் வந்து வாங்கிக்கொள்வார். ஒருநாள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். 'புதுப்பியுங்கள்' என்று வரும் மெயில்கள் யாரும் திறக்காத இன்பாக்ஸில் தூங்கும். அப்புறம் என்ன... பெயர் காலாவதி!

பில் புத்தகம், துணிப்பை, விசிட்டிங் கார்டு, கடை போர்டு என எல்லாவற்றிலும் அச்சாகியிருக்கும் பெயர் அது. அதை மீட்க முடியுமா? முடியாவிட்டால், திரும்ப விற்பனைக்கு வரும்போது முதல் ஆளாகப் பிடிக்க முடியுமா? இந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான் 'பேக்ஆர்டர்'.

மைக்ரோசாஃப்ட்டே மறந்த கதை!

அண்ணாச்சி வெட்கப்பட வேண்டியதில்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில், 'பாஸ்போர்ட் டாட் காம்' என்ற பெயரைப் புதுப்பிக்க மைக்ரோசாஃப்ட் மறந்துவிட்டது. ஹாட்மெயிலுக்குள் நுழைய அந்த முகவரிதான் வாசல் என்பதால், பலரால் மெயில் பார்க்க முடியவில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த லினக்ஸ் புரோகிராமர் ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்து, தன் கிரெடிட் கார்டிலிருந்து 35 டாலர் கட்டிப் பிரச்னையைத் தீர்த்தார். 2003-ல் 'ஹாட்மெயில் டாட் கோ டாட் யூகே' பெயரும் இதேபோல் கைவிட்டுப் போனது. அந்த முறை வேறொருவர் அதைத் தன் பெயரிலேயே பதிவு செய்துவிட்டார். நல்லவேளையாக, அவர் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தார்.

எல்லோருக்கும் அப்படி நல்லவர்கள் கிடைப்பதில்லை. அதனால், பெயர் ஒன்று காலாவதியான பிறகு என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

80 நாள் பயணம்

காலாவதியான அன்றே பெயர் சந்தைக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. டாட் காம் பெயர்களுக்கு மூன்று கட்டங்கள் இருக்கின்றன.

முதல் கட்டம், சலுகைக் காலம். அதிகபட்சம் 45 நாள்கள். எத்தனை நாள் தருவது என்பதைப் பதிவு நிறுவனம்தான் முடிவு செய்யும். இந்தக் காலத்தில் பெரும்பாலும் வழக்கமான கட்டணத்திலேயே உரிமையாளர் புதுப்பிக்கலாம்.

இரண்டாவது, மீட்புக் காலம். 30 நாள்கள். உரிமையாளர் அப்போதும் மீட்கலாம். ஆனால், வழக்கமான கட்டணத்துடன் தனியாக ஒரு மீட்புக் கட்டணமும் உண்டு. இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கையைக் கடிக்கும் தொகைதான்!

மூன்றாவது, 'பெண்டிங் டெலீட்'. 5 நாள்கள். இந்தக் கட்டத்தில் யாரும் எதுவும் செய்ய முடியாது. ஐந்து நாள் முடிந்ததும் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். அடுத்த நொடியே யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம்.

45, 30, 5... மொத்தம் 80 நாள்கள் வரை. டாட் இன் போன்ற பெயர்களுக்கு நாள் கணக்கு மாறலாம். பதிவு நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயம். டாட் காம் போன்ற பெயர்களுக்கு, காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், காலாவதியான 5 நாள்களுக்குள்ளும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது 'ஐகேன்' அமைப்பின் விதி. இணையப் பெயர்களுக்கான உலகளாவிய விதிகளை வகுப்பது இந்த அமைப்புதான். பெயரை நீக்குவதற்கு முன், புதுப்பிக்க வாய்ப்புள்ள கடைசி 8 நாள்களாவது வெப்சைட் வழக்கம்போல் இயங்காதபடி நிறுத்தவேண்டும் என்றும் விதி இருக்கிறது. அதாவது, அண்ணாச்சியின் வெப்சைட்டில் வேறு விளம்பரம் வருவது, கதை முடிந்ததற்கான அடையாளம் அல்ல. பெரும்பாலும் 'இன்னும் நேரமிருக்கிறது' என்று அடிக்கும் மணி. அந்தப் பையனைப் பிடித்துப் பணம் கட்டவைத்தால், பேக்ஆர்டர் என்ற பேச்சே தேவைப்படாது.

தட்கல் மாதிரிதான்!

சரி, பையன் கிடைக்கவில்லை. பெயர் நீக்கப்படும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான் என்றால்?

தட்கல் டிக்கெட் எடுத்த அனுபவம் இருப்பவர்களுக்கு இது சட்டெனப் புரியும். கவுன்ட்டர் திறந்த நொடியில் ஆயிரக்கணக்கான விரல்கள் ஒரே பட்டனை அழுத்தும். டாட் காம் பெயர்கள் இந்திய நேரப்படி நள்ளிரவை ஒட்டி ஒவ்வொன்றாக நீக்கப்படும்போதும் இதேதான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே அழுத்துபவை கம்ப்யூட்டர்கள். ஒரு நொடிக்குள் ஆட்டம் முடிந்துவிடும். நல்ல பெயருக்கு, மனித விரலால் ஜெயிக்க முடியாது.

அந்தக் கம்ப்யூட்டர்களை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் 'இந்தப் பெயரை எனக்காகப் பிடித்துக் கொடுங்கள்' என்று சொல்லிவைப்பதுதான் பேக்ஆர்டர். 'ஸ்நாப்நேம்ஸ்', 'டிராப்கேட்ச்' போன்றவை இந்தத் தொழிலில் தெரிந்த பெயர்கள். ஒரு பதிவு உரிமத்துக்கு இத்தனை முறைதான் முயலலாம் என்ற வரம்பு இருப்பதால், நூற்றுக்கணக்கான உரிமங்களை வாங்கி வைத்திருக்கும் குழுமங்களும் உண்டு.

கவனிக்க வேண்டியது இதுதான்... பேக்ஆர்டர் என்பது முன்பதிவு அல்ல. 'கன்ஃபர்ம்' டிக்கெட்டும் அல்ல. பந்தயத்தில் உங்களுக்காக ஓட ஓர் ஆளை அமர்த்துவது, அவ்வளவுதான். அந்த ஆள் ஜெயிப்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

ஜெயிக்கும் வாய்ப்பைக் கூட்டுவது எப்படி?

* எந்தக் கட்டம் என்று பாருங்கள்: பதிவு விவரம் காட்டும் 'ஹூயிஸ்' வகைத் தேடல் பக்கங்களில் பெயரின் நிலை தெரியும். காலாவதி தேதியை மட்டும் நம்ப வேண்டாம். காலாவதியானதும் மையப் பதிவேட்டில் தேதி தானாகவே ஒரு வருடம் தள்ளிப்போகும். உரிமையாளர் பணம் கட்டிவிட்டார் என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். 'ரிடெம்ப்ஷன் பீரியட்', 'பெண்டிங் டெலீட்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் சரி.

* எங்கே பதிவானது என்று பாருங்கள்: பெரிய பதிவு நிறுவனங்கள் பல, சலுகைக் காலத்திலேயே பெயரை ஏலத்துக்கு விட்டுவிடுகின்றன. அங்கே விலைபோனால், மீட்புக் காலமும் வராது, நீக்கமும் வராது. அப்படிப்பட்ட பெயருக்கு வேறு இடத்தில் பேக்ஆர்டர் வைத்துக் காத்திருப்பது, ரயில் போன பிறகு பிளாட்பாரத்தில் நிற்பதுபோல. அந்த நிறுவனத்தின் ஏலம் எங்கே நடக்கிறது என்று தேடிப் பிடிப்பதுதான் வழி.

* ஒன்றுக்கு மேல் வையுங்கள்: பிடித்துக் கொடுத்தால் மட்டுமே கட்டணம் என்பது பல சேவைகளில் நடைமுறை. தொடக்கக் கட்டணம் 60 முதல் 80 டாலர் என்ற அளவில் இருக்கும். ரூபாயில் சுமார் 5,000 முதல் 7,000. பிடிக்கப்போவது ஒரே நிறுவனம்தான் என்பதால், இரண்டு மூன்று இடங்களில் சொல்லிவைப்பதில் நஷ்டமில்லை. முன்பணம் கேட்கும் சேவைகளில் மட்டும், கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

* உச்ச வரம்பை எழுதி வையுங்கள்: ஒரே சேவையில் இரண்டு பேர் பேக்ஆர்டர் வைத்திருந்தால், பெயர் ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் கை தானாக உயரும். எதிரே யார் என்பதும் தெரியாது. தங்கள் ஊழியர் ஒருவரே 2005 முதல் புனைபெயரில் ஏலம் கேட்டு விலையை ஏற்றிவந்ததாக 2009-ல் ஸ்நாப்நேம்ஸ் அறிவித்து, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. எனவே, 'இந்தத் தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை' என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுக் களத்தில் இறங்குவது நல்லது.

* எல்லாவற்றுக்கும் பேக்ஆர்டர் தேவையில்லை: கடைப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சேர்ந்த நீளமான பெயருக்குப் போட்டியே இருக்காது. நீக்கப்பட்ட மறுநாள் காலையில் வழக்கமான விலைக்கே கிடைத்துவிடும். 'வேறு யாராவது எடுத்தால் தாங்க முடியாது' என்ற பெயருக்கு மட்டும் பேக்ஆர்டர் வைத்தால் போதும்.

வாங்கும் முன் ஜாதகம் பாருங்கள்

கிடைப்பது பெயர் மட்டுமல்ல, அதன் பழைய வாழ்க்கையும்தான். 'வேபேக் மெஷின்' தளத்தில் அந்த முகவரியைக் கொடுத்தால், முன்பு அங்கே என்ன இருந்தது என்று பார்க்கலாம். நடுவில் சூதாட்டத் தளமாக இருந்திருந்தால், கூகுளில் மேலே வருவது கஷ்டமாகலாம். பழைய பெயரின் மரியாதையை வைத்துத் தேடலில் முன்னேறலாம் என்று ஆசைகாட்டுபவர்களையும் நம்ப வேண்டாம். காலாவதியான பெயரை வாங்கித் தரமற்ற பக்கங்களை நிரப்புவதை 2024 மார்ச்சில் கூகுள் ஸ்பேம் பட்டியலில் சேர்த்துவிட்டது.

பிரபல பிராண்டின் பெயர் சிக்கினால் அதிர்ஷ்டம் என்றும் நினைக்காதீர்கள். கெட்ட எண்ணத்தோடு வாங்கியது நிரூபணமானால், சர்வதேச அளவில் யூ.டி.ஆர்.பி, டாட் இன் பெயர்களுக்கு ஐ.என்.டி.ஆர்.பி என்ற விதிகளின்படி பெயர் பறிபோகும். கொடுத்த பணம் திரும்பாது.

பெயரோடு போகும் மெயில்

அண்ணாச்சி கடைக்கு வருவோம். பெயர் போனால் போகட்டும், புதுப் பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அந்தப் பெயரில் கடைக்கு ஈமெயில் இருந்திருந்தால், புதிதாக வாங்கியவர் அதே முகவரியை உருவாக்க முடியும். வங்கி, ஜி.எஸ்.டி, ஃபேஸ்புக் என அந்த முகவரியைக் கொடுத்திருந்த இடங்களிலிருந்து வரும் மெயில்களும், 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்று கேட்டால் வரும் லிங்க்கும் அவருக்குத்தான் போகும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. டாட் மோபி பெயர்களின் பதிவு விவரம் தரும் சர்வரின் பழைய முகவரி காலாவதியாக விடப்பட்டது. 2024-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதை 20 டாலருக்கு வாங்கினார்கள். சில நாள்களிலேயே 1,35,000-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள், பழைய சர்வர் என்று நினைத்து அவர்களிடம் விவரம் கேட்டு வந்தன. டொமைன் பெயர்களை நிர்வகிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்த நிலை!

எனவே, பெயரை இழந்தவர்கள் முதல் வேலையாக, வங்கி முதல் வாட்ஸ்அப் பிசினஸ் வரை எங்கெல்லாம் பழைய மெயில் இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றிவிட வேண்டும். பேக்ஆர்டர் முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

பெயர் இன்னும் கையில் இருப்பவர்கள் இன்றைக்கே பார்க்க வேண்டியவை மூன்று. பதிவு யார் பெயரில் இருக்கிறது, நினைவூட்டல் எந்த மெயிலுக்குப் போகிறது, தானாகப் புதுப்பிக்கும் வசதியில் இருக்கும் கார்டு காலாவதி ஆகிவிட்டதா?

வேறொருவரின் பெயருக்காகக் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேக்ஆர்டர் வைப்பதற்கு முன், அந்தக் கடையின் போர்டில் இருக்கும் நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று விட்டிருந்தால், ஏலத்தைவிடக் குறைந்த விலைக்கு அவரே கொடுத்துவிடலாம். மறந்துதான் போயிருந்தால்... அந்தப் பக்கம் பேசுவது, தன் வெப்சைட் ஏன் திறக்கவில்லை என்று தெரியாமல் தவிக்கும் ஓர் அண்ணாச்சியாக இருப்பார்.